பிளாஸ்டிக் புழுவும் நம்ம ஊர்த் தண்ணீரும்

முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



சங்கத்திலிருந்து போன் செய்து, "உங்க பேட்ச் சார்பா ஒருத்தர் பேசணுங்க. தலைப்பு உங்க இஷ்டம். ஆனா டாலர் ரேட்டு, நூல் விலை, ஜி.எஸ்.டி. மூணும் வேண்டாமுங்க. அதை மத்தவங்க பேசிருவாங்க" என்றார்கள். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் திருப்பூர்க்காரனுக்குப் பேச என்ன மிச்சம் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம். ஆகவே என் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

முன்வரிசையில் ஒரு பொருளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பயப்படாமல் கையில் வாங்கிப் பாருங்கள். பாம்புக்குட்டி இல்லை. பத்து அங்குல நீளமுள்ள பிளாஸ்டிக் புழு. தூண்டிலில் மாட்டி மீன் பிடிப்பதற்கானது. நம்ம ஊரில் மண்புழுவை மாட்டித்தான் எல்லோரும் பிடித்திருப்போம். பத்து அங்குலத்தில், ஊதா நிறத்தில், உள்ளே ஜிகினா மின்னும் புழுவை எந்த மீன் நம்பும் என்று நீங்கள் கேட்கலாம். நம்புகிறது, நண்பர்களே! எப்படி நம்புகிறது, இந்தப் புழுவுக்கும் நம் தொழிலுக்கும் என்ன உறவு, கடைசியாக இது நம் தண்ணீரில் என்ன செய்யும் என்ற மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பிறந்த கதை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்று ஒரு ஊர். டயர் கம்பெனிகளால் பேர் பெற்ற ஊர். நமக்குப் பனியன் எப்படியோ, அவர்களுக்கு ரப்பர் அப்படி. அங்கே நிக் கிரீம் என்பவர், மனைவி காஸ்மாவோடு சேர்ந்து, 1949-ல் மென்மையான பிளாஸ்டிக் புழுவை உருவாக்கினார். நிஜப் புழுவை வைத்து அச்சு எடுத்து, அதில் வார்த்தார்கள். அதற்கு முன்பும் ரப்பரில் புழு செய்து பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அது விறைப்பாக இருந்தது. தண்ணீரில் நெளியவில்லை. கிரீம் தம்பதியின் புழு நெளிந்தது. வெற்றி அதில்தான்.

அந்தப் புழு குறி வைத்த மீன் பாஸ். பெரிய வாய் பாஸ் என்று அழைக்கப்படும் வட அமெரிக்க நன்னீர் மீன். ஏரியில் மூழ்கிய மரம், பாசி, தாமரைத் தண்டு ஆகியவற்றின் நிழலில் பதுங்கி நிற்கும். இரை பக்கத்தில் வந்ததும் வாயைத் திடீரென்று அகலத் திறக்கும். வாய்க்குள் ஏற்படும் வெற்றிடத்துக்குத் தண்ணீர் பாயும். தண்ணீரோடு இரையும் போய்விடும். கடிப்பதைவிட உறிஞ்சுவதுதான் அதிகம். இதற்காகவே அங்கே ஒரு பெரிய விளையாட்டே வளர்ந்தது. ரே ஸ்காட் என்பவர் 1967-ல் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டு ஒரு சங்கத்தையே தொடங்கினார். 1972-ல் "பிடித்த மீனைக் கொல்லாதே, உயிரோடு திருப்பி விடு" என்ற வழக்கத்தையும் அவர்தான் தன் போட்டிகளில் கொண்டுவந்தார். இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

சரி, இனி நம் பாடத்துக்கு வருவோம். புழு இப்போது மூன்றாவது வரிசைக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கையில் வைத்திருப்பவர் அதை லேசாக முகர்ந்து பாருங்கள். பிரிண்டிங் பட்டறை நடத்துகிற அண்ணன்கள் யாராவது இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆம், பிளாஸ்டிசால்! நாம் டீ சர்ட்டின் நெஞ்சில் அடிக்கிறோமே, அதே குடும்பம்.

தம்பிகளுக்காகச் சொல்கிறேன். பி.வி.சி. பவுடரை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கலக்கி வைத்தால் அதுதான் பிளாஸ்டிசால். அந்த எண்ணெய்க்குப் பெயர் பிளாஸ்டிசைசர். இதில் கரைப்பான் எதுவும் ஆவியாகிப் போவதில்லை. அதனால்தான் ஸ்கிரீனில் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்வதில்லை. இட்லி மாவு எவ்வளவு நேரம் பாத்திரத்தில் இருந்தாலும் மாவுதான். ஆவி பட்டால்தான் இட்லி. அதேபோல் சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால்தான் பவுடர் மணிகள் எண்ணெயைக் குடித்து, ஊதி, ஒன்றோடொன்று கலந்து ஒரே உடம்பாகும். ஆறியதும் ரப்பர் போல இழுபடும். கியூரிங் மெஷினில் பெல்ட் வேகம் கொஞ்சம் கூடிப் போனால் என்ன ஆகும்? மேலே வெந்து உள்ளே வேகாமல், முதல் துவையலிலேயே பிரிண்ட் வெடிக்கும். ஷிப்மென்ட் ரிஜெக்ட். நான் சம்பளம் வாங்குவதே அந்த பெல்ட்டைக் கவனித்துக்கொள்ளத்தான்.

புழு செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். குறைந்த சூட்டில் வார்த்தால் புழு பிய்ந்து போகும். அதிகம் சூடாக்கினால் மஞ்சளாகி, பழுப்பாகி, கருகும். கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக் குழாயை அரிக்கும். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கொதிக்கும் பிளாஸ்டிசால் முகத்தில் தெறிக்கும். ஹாஸ்டல் ரூமில் இண்டக்‌ஷன் அடுப்பில் முயற்சி செய்யலாம் என்று இந்நேரம் பின்வரிசையில் யோசனை ஓடிக்கொண்டிருக்கும். வேண்டாம் கண்ணுகளா!

பிரிண்டுக்கும் புழுவுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணெயின் அளவு. பிரிண்ட் துணியில் உட்கார்ந்து உறுதியாக நிற்க வேண்டும். புழு தண்ணீரில் நெளிய வேண்டும். ஆகவே புழுவில் பவுடரைவிட எண்ணெய்தான் அதிகம். இந்த எண்ணெய் உள்ளே கட்டுண்டு கிடப்பதில்லை. வெளியே நகர வழி தேடிக்கொண்டே இருக்கும். இந்தப் புழுவை ஏதோ ஒரு கடின பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தால் சில மாதத்தில் டப்பாவே இளகி ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் புழுவையும் வெள்ளைப் புழுவையும் ஒன்றாக வைத்தால் வெள்ளை ரோஸ் ஆகிவிடும். சிவப்பு பாலியஸ்டர் துணியில் வெள்ளைப் பிரிண்ட் அடித்து, சாயம் ஏறி ரோஸ் ஆகிப் போன கதை இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது? கை தூக்கச் சொன்னால் சங்கடப்படுவீர்கள். இரண்டு இடத்திலும் சாயம் பிளாஸ்டிசைசருக்குள்தான் புகுந்து நகர்கிறது.

அடுத்தது, பிடிக்கும் முறை. பெரிய புழுவுக்கு ஏற்ற முறை டெக்சாஸ் கட்டு. நரம்பில் முதலில் தோட்டா வடிவத்தில் உள்ள, நடுவில் ஓட்டை போட்ட ஈயக்குண்டைக் கோத்துக்கொள்ள வேண்டும். ஏழு கிராம் முதல் பதினான்கு கிராம் வரை போதும். பிறகு முள்ளைக் கட்ட வேண்டும். பத்து அங்குலப் புழுவுக்கு 5/0 அளவு முள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் குத்தி, அரை சென்டிமீட்டர் உள்ளே விட்டு, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளை முழுவதும் இழுத்துத் திருப்பி, நுனியை மறுபடியும் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். நுனி வெளியே தெரியாததால் ஆகாயத்தாமரையிலும், மூழ்கிய வேலமரக் கிளையிலும் சிக்காமல் வரும். மீன் கடித்து அழுத்தும்போது மென்மையான பிளாஸ்டிக்கைத் துளைத்து முள் வெளியே வரும். புழு நேராக இருக்க வேண்டும் என்பது முக்கியம். சற்றுக் கோணலாக மாட்டினால் இழுக்கும்போது சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். சிங்கிள் ஜெர்சி துணி துவைத்ததும் சைடு தையல் முன்னால் வந்து நிற்குமே, அதே மாதிரி முறுக்கு.

வீசியபின் அவசரப்படக் கூடாது. புழு தானாக அடி வரை இறங்கட்டும். ராடு நுனியை மெதுவாக உயர்த்தி, மறுபடி இறங்க விட வேண்டும். பெரும்பாலும் இறங்கும்போதுதான் மீன் எடுக்கும். கையில் ஒன்றும் தெரியாது. நரம்பு மட்டும் ஒரு பக்கமாக நகரும். அதைப் பார்ப்பதற்குத்தான் கண்ணும் பொறுமையும் வேண்டும். தொய்வைச் சுற்றி எடுத்துக்கொண்டு, பிறகு பலமாக ஒரு இழுப்பு. சிறிய புழு என்றால் உடனே இழுக்கலாம். பெரிய புழுவுக்கு ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். மீன் வாலைப் பிடித்திருக்கிறதா, தலையைப் பிடித்திருக்கிறதா என்று நமக்குத் தெரியாதே.

ஏன் பெரிய புழு? பெரிய புழு அதிகத் தண்ணீரைத் தள்ளும். மீனின் உடம்பில் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு அந்த அசைவைக் கலங்கல் நீரிலும் உணரும். இன்னொன்று, வரவு செலவுக் கணக்கு. பெரிய மீன் ஒரு முறை பாய்ந்தால் செலவாகும் சக்திக்கு ஈடாக வரவு வேண்டும். சின்னச் சின்னதாகப் பத்து துரத்துவதைவிட, மெதுவாகப் போகும் பெரியது ஒன்று அதற்கு லாபம். பெரிய புழுவில் கடி குறைவு, ஆனால் கடித்தது பெரிதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது தூண்டில்காரர்களின் அனுபவம். சின்ன ஆர்டர் நூறு எடுப்பதா, பெரிய பையர் ஒருவரைப் பிடிப்பதா என்ற நம் ஊர்ப் பழைய விவாதம்தான்.

"எல்லாம் சரி, நம்ம ஊர்ல பாஸ் எங்கே இருக்குது?" என்று கேட்பீர்கள். இல்லை. இருக்கவும் வேண்டாம். ஜப்பானில் 1925-ல் ஆஷி ஏரியில் பாஸ் மீனைக் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவி, உள்ளூர் மீன்களைத் தின்று, 2005-ல் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டத்தில் தடைப் பட்டியலில் ஏறியது. உலக சாதனை எடையில் ஒரு பாஸ் 2009-ல் அதே ஜப்பானின் பிவா ஏரியில்தான் பிடிபட்டது. அமெரிக்காவில் 1932-ல் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீனுக்குச் சமமான எடை என்று பதிவு செய்தார்கள். பிடித்தவருக்குப் பெருமை, அந்த ஏரியின் சொந்த மீன்களுக்கு என்ன பெருமை? நம் நாட்டிலும் 1952-ல் வந்த ஜிலேபி மீன் இன்று எந்தக் குட்டையில் இல்லை, சொல்லுங்கள். அலங்காரமாக வளர்த்து அலுத்துப் போன வெளிநாட்டு மீனை நொய்யலில் விடுகிற நண்பர்கள் தயவுசெய்து இதை யோசிக்க வேண்டும்.

நமக்கு விரால் இருக்கிறது. அதன் பெரிய அண்ணன் பூவிரால் இருக்கிறது. பாஸ் போலவே நிழலில் பதுங்கி, பாய்ந்து எடுக்கும் மீன்கள். வேடிக்கையைப் பாருங்கள். 2002-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் கிராஃப்டன் என்ற ஊரின் குளத்தில், சீனாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வகை விரால் குஞ்சு பொரித்திருப்பதைக் கண்டு நாடே பதறியது. அதே ஆண்டு விரால் குடும்பம் முழுவதையும் உயிரோடு இறக்குமதி செய்யத் தடை போட்டார்கள். அவர்கள் மீன் ஜப்பானில் குற்றவாளி. நம் விரால் அங்கே குற்றவாளி. சொந்த ஊரில் இரண்டுமே நல்ல பிள்ளைகள்!

விராலுக்குப் பெரும்பாலும் ரப்பர் தவளை போடுகிறார்கள். பாசி மூடிய இடத்தில் அதுதான் நன்று. பாசிக்கு வெளியே, ஓரத்தில், சற்று ஆழம் உள்ள இடத்தில் ஈயம் இல்லாமலோ, குறைந்த ஈயத்திலோ மெதுவாக இழுக்கும் பெரிய புழுவையும் விரால் எடுக்கும். ஒரு சங்கடம் உண்டு. பாஸ் வாய் உறிஞ்சும் வாய். பற்கள் உப்புத்தாள் மாதிரிதான். விராலுக்கோ கூரிய பற்கள். ஒரு கடியில் புழு இரண்டாகும். வாலைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். பிய்ந்த வால் தண்ணீரிலோ, மீன் வயிற்றிலோ.

இங்கேதான் நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன தீபாவளிக்குப் பிறகு நம் சீனியர் அண்ணன் ஒருவர், பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர், இந்தப் புழுவைப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, மீந்த இங்க் நம்மகிட்ட டின் டின்னாக் கெடக்குது. அச்சு ஒண்ணு சி.என்.சி.யில வெட்டிக்கலாம். புழுவா ஊத்தி வித்தா என்ன? வெளிநாட்டுப் புழு ஒரு பாக்கெட் என்ன வெலைன்னு பாத்தீங்களா?" என்றார். கேட்டதும் எனக்கும் கை பரபரத்தது. கழிவும் குறையும், காசும் வரும். திருப்பூர்க்காரனுக்கு இதைவிட இனிய வார்த்தை உண்டா?

"வேண்டாமுங்கண்ணா" என்றுதான் சொன்னேன். அவர் காரணம் கேட்டார். அன்று டீக்கடையில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, பொருள். பிரிண்டிங் இங்கில் துணியை மறைப்பதற்காக நிறமியும் நிரப்பியும் நிறைய இருக்கும். அதைப் புழுவாக்கினால் விறைப்பாக வரும். நெளிய வைக்க மேலும் பிளாஸ்டிசைசர் ஊற்ற வேண்டும். ஆக, கழிவைக் குறைக்கிறோம் என்று தொடங்கி, புதிய எண்ணெயை வாங்கி ஊற்றிக்கொண்டிருப்போம்.

இரண்டு, சோதனை. தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்களைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டம், குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களில் சில தாலேட்டுகள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. ஐரோப்பாவிலும் அப்படியே. ஓக்கோ டெக்ஸ் சான்றிதழ் 1992 முதல் இருக்கிறது. ஆர்கானிக் துணிக்கான ஜி.ஓ.டி.எஸ். தரம் பி.வி.சி. பிளாஸ்டிசால் பிரிண்டையே ஏற்பதில்லை. ஜெர்மனிக் குழந்தை போடுகிற பனியனுக்காக நாம் ஒவ்வொரு லாட்டையும் லேபுக்கு அனுப்புகிறோம். அதே பொருளை நம் குளத்தில், நம் பிள்ளைகள் தின்னும் மீனின் வாயில் போடும்போது ஒரு காகிதமும் யாரும் கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதால் சரி என்று ஆகிவிடுமா? துணி மேல் ஒட்டிக்கொண்டு பாஸ் ஆன பொருள், தண்ணீருக்குள் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்தாலும் பாஸ் ஆகும் என்று அந்தச் சான்றிதழ் சொல்லவில்லை.

மூன்றாவது காரணம் நொய்யல்.

எங்கள் பேட்ச் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோதுதான், 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்க வருவதாக இருந்த கம்பெனிகள் வரவில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் வருமானம் நின்றது. அப்போது எங்களுக்குக் கோபம் முழுவதும் கோர்ட் மேல்தான். ஆனால் அந்த உத்தரவு ஒரே நாளில் வந்ததல்ல. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992-ல் அணை பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயத்துக்காகக் கட்டியது. அதில் சேர்ந்தது நம் சாயத் தண்ணீர். ஒரு கட்டத்தில், "அணையைத் திறக்காதீர்கள், எங்கள் நிலம் கெட்டுவிடும்" என்று பாசன விவசாயிகளே போராடினார்கள். தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி போராடிய கொடுமையை வேறு எங்கே பார்க்க முடியும்? அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு, 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதன் பிறகுதான் 2011.

அந்த இருபது ஆண்டுகளில் எந்தச் சாயப்பட்டறைக்காரரும் ஆற்றைக் கொல்ல வேண்டும் என்று நினைத்து ஒரு வாளி ஊற்றவில்லை. "நம்ம ஒரு பட்டறைத் தண்ணி என்ன பண்ணிரப் போகுது" என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஒன்று ஒன்றாகப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. கூட்டினால்தான் அணை நிறைந்தது. இன்று கழிவுநீரை வெளியே விடாமல், சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு நம் சாயத் தொழில் மாறியிருக்கிறது. அது பெரிய சாதனை. நம் கல்லூரிக்காரர்கள் பலர் அந்த பிளான்ட்களில் வேலை செய்திருக்கிறார்கள். ஆனாலும் நொய்யலில் ஊர்ச் சாக்கடை ஓடுவது நிற்கவில்லை.

இப்போது புழுவைக் கூட்டிப் பார்ப்போம். பத்து அங்குலப் புழு ஒன்று சுமார் பதினைந்து கிராம். திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் நூறு பேர் ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரு புழுவைத் தண்ணீரில் விட்டுவிட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 5,200 புழு. எடை 78 கிலோ. அதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிசைசர். சாயக் கழிவோடு ஒப்பிட்டால் தூசுதான். ஆனால் விழுந்த புழு மக்காது. தண்ணீரில் ஊறிப் பருக்கும். விழுங்கிய மீனால் செரிக்க முடியாது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 2013-ல் இந்த வகைப் புழுக்களைத் தடை செய்யவே ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். தூண்டில்காரர்கள் எதிர்த்தார்கள். முதலில் ஆய்வு செய்வோம் என்று முடிந்தது. புழுவின் தாய்நாட்டிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. நமக்கோ இந்த விளையாட்டு இப்போதுதான் சூடு பிடிக்கிறது. தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால் செலவு குறைவு. சாயத்தில் நாம் கடைசியில் கேட்டோம்; விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் தூண்டிலைத் தூக்கிப் போட்டுவிடுவதா? இல்லை. நான் போடவில்லை. ஞாயிறு விடியலில் தண்ணீர் ஓரம் நிற்கிறவனுக்குத்தான் தண்ணீர் நிறம் மாறுவது முதலில் தெரியும். கரையில் ஆளே இல்லாத குளத்துக்குக் கேட்பாரும் இல்லை. ஆகவே, தூண்டில் பிடிக்கும் நண்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

எடுத்துப் போன புழு எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று எண்ணுங்கள். பிய்ந்த துண்டையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நரம்பையும் அப்படியே. பல் உள்ள மீன் இருக்கும் இடத்தில், அறுபடாத தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் புழுவைப் பயன்படுத்துங்கள். விலை கூட; ஆனால் ஒன்று பல கடி தாங்கும். அதைப் பி.வி.சி. புழுவோடு ஒரே பாக்கெட்டில் வைக்காதீர்கள், இரண்டும் இளகிவிடும்.

குஞ்சு காக்கும் விராலைத் தொடாதீர்கள். மழைக்காலத்தை ஒட்டி, செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாயும். பசியில் அல்ல, பிள்ளைக்காக. அதைப் பிடித்துத் தூக்கிப் போட்டோ எடுப்பதில் வீரம் இல்லை. பெற்றவர்கள் போனால் அந்தக் கொத்து முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை. தெரியாமல் மாட்டினால் உடனே அதே இடத்தில் விடுங்கள். 1972-ல் ரே ஸ்காட் சொன்னது நம் விராலுக்கும் பொருந்தும்.

குளத்து மீன்பாசி யார் குத்தகையில் இருக்கிறது என்று கேட்டு, அனுமதி வாங்கிப் போடுங்கள். அணைகளிலும் அப்படியே. அமராவதி அணையில் முதலையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. அங்கே தூண்டில் வேண்டாம். பைனாகுலர் கொண்டு போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "நொய்யல்ல விரால் கிடைக்குது, தண்ணி நல்லாயிருச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விரால் காற்றை நேரடியாக மூச்சு வாங்கும் மீன். ஆக்சிஜன் செத்துப் போன தண்ணீரிலும் பிழைக்கும். ஜிலேபியும் எதையும் தாங்கும். இந்த இரண்டும் மட்டும் இருந்தால் ஆறு பிழைத்தது என்று அர்த்தமில்லை. மற்ற மீன்களும் வந்தால்தான் பிழைத்தது.

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைவீர்கள் என்று தெரியும். இதோ ஒன்று. சாதாரணப் பிளாஸ்டிசால் புழு, தாலேட் இல்லாத புழு, எலாஸ்டோமர் புழு என மூன்று வகை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், நொய்யல் தண்ணீர் என மூன்று தொட்டிகளில் எவர்சில்வர் கம்பியில் கட்டி ஊறப் போடுங்கள். வாரம் ஒருமுறை எடை, நீளம், ஷோர் கடினம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். ஆறு மாதம். முதல் நாளும் கடைசி நாளும் தண்ணீரை லேபுக்கு அனுப்புங்கள். பனியனில் தாலேட் பார்க்கத் தெரிந்த லேப்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. தண்ணீரையும் பார்க்க முடியுமா என்று முதலில் அங்கேயே கேளுங்கள். வேதியியல் துறையும் ஜவுளித் துறையும் மெக்கானிக்கலும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. நேற்று இரவே பேசி முடிவு செய்துவிட்டோம்.

மீந்த இங்க் டின்களை வைத்திருக்கும் அந்த அண்ணனும் இப்போது இந்த அரங்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். "முடிவு வரட்டும் தம்பி, அது வரைக்கும் அச்சு வெட்ட மாட்டேன்" என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். முடிவு நல்லதாக வந்தால், தாலேட் இல்லாத புதிய பொருளில், சோதித்த எண்களைப் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்து, திருப்பூர் புழு என்று உலகத்துக்கு அனுப்புவோம். கெட்டதாக வந்தால், அதையும் அச்சடித்து அடுத்த ஆண்டு மலரில் போடுவோம். எப்படி வந்தாலும் தண்ணீருக்குள் போவதற்கு முன்னால் நமக்குத் தெரிந்திருக்கும்.